கம்ப்யூட்டர் சொன்ன ஆழம்

உங்கள் அலுவலகத்தில் பேச வந்திருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேடம், உங்க காலத்துல ப்ரோகிராமருக்கு என்ன சம்பளம்?" எல்லோரும் சிரித்தீர்கள். உங்கள் மேலாளர் நெளிந்தார். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அன்று கேட்கப்பட்டவற்றில் உண்மையாகவே பதில் தெரிய வேண்டும் என்று கேட்கப்பட்டது அது ஒன்றுதான். மணி ஆகிவிட்டதால் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன்.

சுருக்கமான பதில்: ரொம்பக் குறைவு. எண்பதுகளின் நடுவில், சேலம் அஸ்தம்பட்டியில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஏசி உண்டு, எங்களுக்குக் கிடையாது. மதியம் சாப்பிட்டதும் ஏதாவது காரணம் கண்டுபிடித்து மெஷின் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வோம். எங்கள் அம்மா, ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாராவது விசாரித்தால், "டைப்படிக்கிற வேலைதாங்க" என்பார். கம்ப்யூட்டர் என்று சொன்னால் இன்னும் இரண்டு கேள்வி வரும், பதில் தெரியாது என்ற பயம் அவருக்கு. பங்குச் சாமியாரே ஒருமுறை என்னை நிறுத்தி, "நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தைம்மா?" என்று அக்கறையோடு கேட்டார்.

சம்பளம் எவ்வளவு என்பதைவிட எதற்காகச் சம்பளம் என்பதுதான் எனக்கு அப்போதிலிருந்தே குடைச்சல். கொத்தனாருக்கு நாளைக்கு இவ்வளவு. தறிக்காரருக்கு கஜத்துக்கு இவ்வளவு. லாரி டிரைவருக்கு நடைக்கு இவ்வளவு. எங்களுக்கு? நான் அன்றைக்கு ஐம்பது வரி எழுதி, மறுநாள் அதில் நாற்பதை அழித்தால், எந்த நாள் வேலை செய்தேன்? எங்கள் முதலாளியிடம் கேட்டேன். மெட்ராஸில் படித்து, பாங்கில் கடன் வாங்கி, அந்த ஒற்றை மெஷினை வாங்கிப்போட்டவர். "இப்படியெல்லாம் யோசிக்காதேம்மா, தூக்கம் கெடும்" என்றார். அவர் தூக்கம் ஏற்கெனவே கெட்டுத்தான் இருந்தது.

இந்தச் சம்பளக் கேள்விக்கு ஒரு மாதிரியான பதில் எனக்குக் கிடைத்தது ஒரு போர்வெல் ரிக் பக்கத்தில் நின்றபோதுதான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

திருச்செங்கோட்டு ரிக்குகளைப் பற்றி இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஒரு லாரி மேல் துளை போடும் இயந்திரம், இன்னொரு லாரி மேல் காற்று அடிக்கும் கம்ப்ரஸர். இரண்டும் ஜோடியாக நாடு முழுவதும் போய்ப் பாறையைக் குடையும். கூலி அடிக்கணக்கு. தண்ணீர் வந்தாலும் அடிக்கு இவ்வளவு, வராவிட்டாலும் அடிக்கு அவ்வளவே. வராத போருக்கு எங்கள் பக்கத்தில் 'புகை' என்று பெயர். ஈரமே இல்லாத பாறை, மாவாகிக் குழியிலிருந்து வெள்ளையாகக் கிளம்பும். "அவன் காட்டுல போட்டாங்க, புகையாப் போச்சு" என்றால் ஒரு குடும்பம் நொந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்; காடு என்பது இங்கே விளைநிலம்.

அப்படிப் பல ரிக்குகள் வைத்திருந்த ஒரு முதலாளி எங்கள் பெரிய வாடிக்கையாளர். பெரிய என்றால், அவர் போனால் அலுவலகத்துக்குப் பூட்டு என்ற அளவுக்குப் பெரியவர். விவசாயக் குடும்பம். நாற்பத்தைந்து வயது இருக்கும். புதிது எதைக் கண்டாலும் கண்கள் விரியும். பில் போடுவதற்காகத்தான் எங்களிடம் வந்தார். எந்த ஊர், யார் காடு, எத்தனை அடி என்று அவர் ஆபீசிலிருந்து கணக்கு வரும், நாங்கள் ஏற்றி பில் அடித்துக் கொடுப்போம். ஒருநாள் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"ஏனுங்க, இத்தனை வருசத்துக் கணக்கும் இந்த மிசினுக்குள்ள கெடக்குதே. ஒரு ஊர் பேரைச் சொன்னா, அங்க எத்தனை அடியில தண்ணி வரும்னு இது சொல்லாதுங்களா?"

எங்கள் சீனியர் ஒருவர் இருந்தார். மூளைக்காரர், கை வேகம். பின்னாளில் வெளிநாட்டுக்குப் போய் நன்றாகச் சம்பாதித்தார். அவர் ஒரே வாரத்தில் எழுதிவிட்டார். ஊர்ப் பெயரைத் தட்டினால், அந்த ஊரில் போட்ட போர்களின் அடிகளை எடுத்துச் சராசரி போட்டு, ஆங்கிலத்தில் ஒரு தாளில் அடித்துத் தரும்: தண்ணீர் எதிர்பார்க்கும் ஆழம், இத்தனை அடி. அப்போது எங்களிடம் தமிழில் அச்சடிக்க வசதி இல்லை. படிக்க முடியாத தாள் என்பதாலேயே அதற்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர்களெல்லாம் பக்கத்தில் நிற்க முடியவில்லை. விவசாயிகள் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள் என்று கேள்வி.

சீனியர் கிளம்பிப் போனதும் அந்த வேலை என் கைக்கு வந்தது. இது நன்றாக நடந்தால் சம்பளத்தைக் கூட்டித் தருவதாக எங்கள் முதலாளி சொன்னார். நானும் தினமும் ஊர்ப் பெயரும் அடியும் ஏற்றிக்கொண்டே இருந்தேன். ஆனால் ஒரு போர் போடுவதைக்கூட நான் பார்த்ததில்லை. இருநூற்றி நாற்பது என்று தட்டும்போது, அது எப்படி இருக்கும், யார் அளப்பார்கள், அளக்க டேப் உண்டா என்றெல்லாம் ஓடும். ஒருநாள் ரிக் முதலாளியிடம் கேட்டேவிட்டேன்.

"போர் போடறதைப் பாக்கோணுமா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "காதெல்லாம் அடைச்சுக்குமுங்க அம்மணி. சரி, நாளைக்குக் காலைல மல்லசமுத்திரத்துப் பக்கம் ஒண்ணு ஓடுது. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

ஜீப்பில் போய் இறங்கியபோது பத்து மணி வெயில். குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, நட்ட காடு. செடி இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது. ரிக் போட்ட சத்தத்தில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. குழியிலிருந்து வெள்ளைப் புகை கிளம்ப, சுற்றி நின்றவர்களின் தலை, புருவமெல்லாம் மாவு பூசியிருந்தது. காட்டுக்காரர் பெயர் செங்கோடன். மனைவி பாவாயி. இரண்டு பேரும் குழியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எனக்கு அங்கே புதிதாக இருந்தது ஒரு வழக்கம். ஒவ்வொரு ராடு, அதாவது துளைக்குள் விடும் இரும்புத் தண்டு, முழுசாக இறங்கியதும் டிரில்லர் இயந்திரத்தை நிறுத்துவார். காட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து, "இன்னொண்ணு எறக்கட்டுங்களா?" என்பார். செங்கோடன் தலையாட்டினால் அடுத்த ராடு. அவ்வளவுதான் பேச்சு. போடலாமா வேண்டாமா என்று டிரில்லர் தன் அபிப்பிராயத்தைச் சொல்லவே மாட்டார்.

"ஏன் சார், அவருக்குத்தானே அனுபவம்? அவர் சொல்லக் கூடாதா?" என்று ரிக் முதலாளியிடம் கேட்டேன்.

"சொல்லவே கூடாதுங்க. நிறுத்துன்னு சொல்லி, அடுத்த பத்தடியில தண்ணி இருந்திருந்தா? ஆயுசுக்கும் எங்களைத்தான் திட்டுவாங்க. போடுன்னு சொல்லிப் புகையாப் போனாலும் எங்களைத்தான். காடு அவிங்களுது, காசு அவிங்களுது. வாய அவிங்கதான் தொறக்கோணும். ரிக்குக்காரன் வாயில நிறுத்துங்கற வார்த்தை வரப்படாது."

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஓர் ஓரத்தில் இடித்தது. அடிக்கணக்கில் கூலி வாங்குபவர், ஆழம் போகப் போக வாயைத் திறக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று ஒரு தொழிலே ஒத்துக்கொண்டிருக்கிறதே!

முந்நூறு அடி ஆயிற்று. ஈரம் இல்லை. டிரில்லர் திரும்பினார். செங்கோடன் இந்த முறை தலையாட்டவில்லை. அவர் ஒதுக்கி வைத்திருந்தது முந்நூறு அடிக்குத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. நான் அடித்த தாள். முந்நூற்று எண்பது அடி என்று அதில் இருந்தது.

"இன்னும் எம்பதடிதானுங்க. கம்ப்யூட்டர் சொல்லியிருக்குது" என்றார். சொல்லிவிட்டு வேப்பமரத்தடியைப் பார்த்தார். அங்கே ஒரு ஜோடிக் காளை கட்டியிருந்தது. பக்கத்தில் தோளில் துண்டோடு ஒருவர் வெற்றிலை போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். மாட்டுத் தரகர். மீதி அடிக்கு அந்தக் காளைகள்தான் என்று முதல் நாளே பேசி வைத்திருக்கிறார்கள். காளை போனால் உழவு போச்சு, வாடகைக்கு வண்டி ஓட்டி வரும் வருமானமும் போச்சு. பாவாயி சேலைத் தலைப்பால் முகத்து மாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டிரில்லர் உதவியாளரிடம், "முந்நூறுன்னு குறிச்சுக்கோ" என்றார். அங்கேதான் எனக்குச் சட்டென்று ஏதோ உறுத்தியது. தண்ணீர் இல்லை, ஆனால் முந்நூறு என்று குறிக்கிறார்கள். பில்லுக்கு அது போதும். அந்த முந்நூறு நாளைக்கு என் மேசைக்கு வரும். நான் ஏற்றுவேன். கம்ப்யூட்டர் அதைத் தண்ணீர் வந்த ஆழம் என்று எடுத்துக்கொண்டு சராசரியில் சேர்க்கும்!

வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்துக் காட்டுக்காரர்களிடம் போய்க் கேட்டேன்: "ஏனுங்க, இந்த ஊர்ல முந்நூறு அடி தாண்டின போர் எதெதுங்க?"

அவர்களுக்கு உற்சாகம். ஆளுக்கொரு திசையில் கை காட்டினார்கள். "அதோ, அந்தப் பனைமரத்துக்கிட்ட. ஐந்நூறு அடிங்க."

"தண்ணி?"

"தண்ணியாவது! புகை."

"அந்தப் பக்கம்?"

"அதும் புகைதான் அம்மணி. அதுக்கும் அக்கட்ட இருக்கறதும் அதேதான். தண்ணி வந்த போரெல்லாம் எரநூறுக்குள்ளயே வந்துருச்சுங்க."

பாருங்கள். தண்ணீர் வந்தவன் இருநூறில் நிறுத்திவிடுகிறான். வராதவன்தான் ஆசையில் ஐந்நூறு வரை போகிறான். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டால் முந்நூற்று எண்பது. அந்த ஊரில் முந்நூற்று எண்பது அடியில் யாருக்கும் தண்ணீர் வந்ததே கிடையாது. எத்தனை பேர் ஏமாந்தார்களோ அத்தனைக்கு ஆழமாக எங்கள் கம்ப்யூட்டர் அடுத்தவனை அனுப்பிக்கொண்டிருந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அடி என்றால் ரிக் ஆபீசில் கூலி, எங்கள் ஆபீசில் தண்ணீர். அந்த அடியால் ரிக்குக்கு வருமானம், அந்த வருமானத்தால் எங்களுக்கு வேலை.

ரிக் முதலாளியைத் தனியாக ஜீப்புக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சொன்னேன். அவர் அறிவாளி, இரண்டு நிமிடத்தில் புரிந்துகொண்டார். முகம் மாறிவிட்டது.

"நாஞ் சொன்னனே அம்மணி, ரிக்குக்காரன் வாயில அந்த வார்த்தை வரப்படாதுன்னு."

"நான் ரிக்குக்காரி இல்லீங்களே சார்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் பயம் வந்தது. இவர் போனால் அலுவலகத்துக்குப் பூட்டு. என் சம்பள உயர்வு, எங்கள் முதலாளியின் பாங்குக் கடன் எல்லாம் கண்முன்னால் வந்து நின்றது. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "சொல்றதுன்னா நீங்களே போய்ச் சொல்லிக்கோங்க. நான் தடுக்கலீங்க."

போய்ச் சொன்னேன். சராசரி கிராசரி என்று எதுவும் சொல்லவில்லை. புகையாய்ப் போன போர்களின் ஆழத்தையும் சேர்த்துத்தான் அந்தத் தாளில் கணக்குப் போட்டிருக்கிறது, அதை நம்பி இறக்க வேண்டாம் என்றேன். செங்கோடனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நேத்து இருக்குதுன்னு சொன்னது கம்ப்யூட்டருங்க. இன்னைக்கு இல்லைங்கறது நீங்களா?"

"இல்லைன்னு சொல்லலீங்க. இருக்கான்னு தெரியாதுங்கறேன். அந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாதுங்க."

பாவாயி அப்போதுதான் வாயைத் திறந்தார். "தெரியாதுன்னு சொல்றதுக்கு எதுக்கு சாமி அத்தாம் பெரிய மிசினு?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. கம்ப்ரஸர் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. டிரில்லர் செங்கோடனைப் பார்த்தார், செங்கோடன் தாளைப் பார்த்தார். பாவாயி யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று வேப்பமரத்துக்கு நடந்தார். தரகர் எழுந்திருப்பதற்குள் காளைகளின் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கமாக ஓட்டிப் போனார். தரகர் துண்டை உதறிக்கொண்டு நின்றார். செங்கோடன் மனைவியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு டிரில்லரிடம், "ராடைத் தூக்கீருங்க" என்றார்.

திரும்பும் வழியில் ரிக் முதலாளி திடீரென்று, "உங்களுக்கு மாசம் எவ்வளவுங்க தர்றாங்க?" என்றார். சொன்னேன். "எங்க டிரில்லருக்குப் பேட்டாவே அதுக்கு மேல வருமுங்களே!" என்று சிரித்தார். சேலம் பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "புகையைத் தனியா, தண்ணியைத் தனியாப் போட்டுக் குடுங்க. எங்க ஆளுகளைப் பிரிச்சு எழுதச் சொல்றேன்" என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாற்றிக் கொடுத்தேன். இந்த ஊரில் இத்தனை போட்டதில் இத்தனை புகை, தண்ணீர் வந்தது இந்த ஆழத்துக்குள் என்று தாள் இப்போது உண்மை பேசியது. என்ன ஆயிற்று தெரியுமா? அதைக் கேட்ட விவசாயிகள் ரிக் முதலாளியை விட்டுவிட்டு, தேங்காய் வைத்து "உறுதியாத் தண்ணி" என்று சொல்பவர்களோடு சுற்றும் ரிக்குகளுக்குப் போனார்கள். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே மாடியேறி வந்தார். கோபமே இல்லை. "நீங்க செஞ்சது சரிதானுங்க அம்மணி. ஆனா இந்தத் தாள் இனிமேட்டுக்கு வேண்டாமுங்க" என்றார். பில் வேலை மட்டும் கொஞ்ச காலம் ஓடிற்று, பிறகு அதுவும் நின்றது. என் சம்பளம் கூடவில்லை. எங்கள் முதலாளி என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அந்த மனிதர் காலண்டரில் பாங்குத் தவணைத் தேதியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எனக்கு அது பொறுக்கவில்லை. அவருக்காக நெல் அரவை மில், கோழிப்பண்ணை என்று ஏறி இறங்கி வேலை பிடித்துக்கொண்டு வந்தேன். பூட்டு விழாமல் தப்பித்தோம்.

பின்னாளில் பெரிய கம்பெனிகளில் இருந்திருக்கிறேன். வரிக்கணக்கில் அளந்தார்கள், மணிக்கணக்கில் பில் போட்டார்கள், தலைக்கணக்கில் ஆளை அனுப்பினார்கள். எல்லாமே எனக்கு அடிக்கணக்காகத்தான் தெரிந்தது. அடிக்கணக்கில் வாங்குவதைக் கேவலம் என்று சொல்லமாட்டேன். ரிக்கும் ஓட வேண்டும், டீசலுக்கும் காசு வேண்டும். நீங்கள் அதிகச் சம்பளம் கேட்டு வேலை மாறுவதிலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தாராளமாகக் கேளுங்கள். எனக்கு ஒன்றுதான் தெரிந்துகொள்ள ஆசை. உங்கள் குழுவில் பத்துப் பேர் இருந்தால், இது போதும், இதற்குக் கீழே ஒன்றுமில்லை என்று வாடிக்கையாளரிடம் சொல்ல யாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? நான் போன இடத்திலெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஒருவரையும் காட்டவில்லை. நீங்கள் கண்டுபிடித்தால் எனக்கு எழுதுங்கள்.

ஒன்று பாக்கி. மறு வருடம் கோடையில், ஒரு மதியம், கிளினிக்குக்கு வந்தவர்கள் வழிகாட்ட, பாவாயி எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். மல்லசமுத்திரத்திலிருந்து பஸ் மாறி, அஸ்தம்பட்டி என்று மட்டும் தெரிந்துகொண்டு, "கம்ப்யூட்டர் அம்மணி" என்று கடை கடையாகக் கேட்டு வந்திருக்கிறார். காளைகள் சௌக்கியமா என்று கேட்டேன். "இருக்குதுங்க" என்றார். வேறு ஒரு ரிக்குக்காரர் வந்து, வடக்கு மூலையில் நீரோட்டம் பார்த்து, உறுதியாகத் தண்ணீர் என்கிறாராம். செங்கோடன் போட்டே தீருவது என்று நிற்கிறாராம். போடலாமா வேண்டாமா என்று இவர் என்னைக் கேட்க வந்திருக்கிறார்.

"என்னை எதுக்குங்க? நான்தான் தெரியாதுன்னு சொன்னவளாச்சே" என்றேன்.

"ஆமாஞ் சாமி. எல்லாரும் தெரியும் தெரியும்ங்கறாங்க. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தருதான். அதான் வந்தேன்."

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வடக்கு மூலையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஊரில் தண்ணீர் வந்ததெல்லாம் இருநூறு அடிக்குள். அதற்குமேல் போனதெல்லாம் புகை. போடுவதென்றால் இருநூறோடு நிறுத்திக்கொள்ளுங்கள், யார் என்ன சொன்னாலும். அவர் இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்து மனசில் வாங்கிக்கொண்டார். "எரநூறு. அதுக்கு மேல ஒரு ராடு கூட இல்ல."

போட்டார்களா, தண்ணீர் வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இப்போதும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் பச்சையாக ஏதாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன்.

அன்று போக எழுந்த பாவாயி சுருக்குப்பையை அவிழ்த்தார். ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து நீட்டினார். வேண்டாங்க என்று பின்னால் போனேன். விடவில்லை, கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. மெஷின் அறைக் கதவு திறந்திருந்தது. அதைக் காட்டி, "இன்னைக்கு மெஷினையே தொடலீங்களே, அதுக்கு எதுக்குங்க காசு?" என்றேன்.

பாவாயி அந்த அறையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கு யாரு சாமி குடுத்தா? இது உங்களுக்கு."